சாவி கவ்விய நரி

அப்பாவைப் பார்க்கத்தான் நாங்கள் ஜப்பானுக்குப் போனோம். மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலைப் பொழுதை எப்படிக் கழிப்பதென்று தெரியாமல்தான் மாமா எங்களை ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போனார்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் துறைமுகத்தில்தான் பிழைப்பு. அப்பா ஒருபடி மேலே போய்ச் சரக்குக் கப்பலிலேயே ஏறிவிட்டார். கோபே துறைமுகத்தில் கப்பலை இழுத்துக் கட்டும்போது வடம் அறுந்து அவரை அடித்துவிட்டது. காலில் அடி என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. காலில் அடிபட்டதற்கு எதற்கு விமானம் ஏற வேண்டும் என்று கேட்டேன். அம்மா பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அப்போதே எனக்குள் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாமா அம்மாவின் தம்பி. ஒசாகாவில் கம்ப்யூட்டர் வேலை. துக்க வீட்டில்கூட யாரையாவது சிரிக்க வைக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

"யாவாரிங்கல்லாம் வந்து கும்பிடுத சாமி, அக்கா. நம்ம லட்சுமி மாதிரின்னு வச்சுக்கோயேன். சொத்து சொகம் குடுக்கும்."

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அம்மாவுக்குப் பெருமாளை விட்டால் வேறு சாமி கிடையாது. தெருமுனைப் பிள்ளையாரையே போனால் போகிறதென்றுதான் கும்பிடுவாள். அன்றைக்கு மறுபேச்சில்லாமல் வந்தாள்.

மலையடிவாரத்திலிருந்து சிவப்பு மரத் தோரண வாசல்கள் வரிசையாக மேலேறின. தொழில் செழிக்க வேண்டி வியாபாரிகள் நட்டுவைத்தவையாம். ஒன்றையொன்று ஒட்டி நின்றதால், உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சாமி எங்கே இருந்ததோ தெரியாது, என் கண்ணில் பட்டதெல்லாம் கல் நரிகள். அந்தச் சாமிக்குத் தூது போகிறவையாம். கழுத்தில் சிவப்புத் துணி. வாயில் சாவியைக் கவ்வியிருந்த ஒரு நரி என்னையே பார்த்தது.

"நரி மொகத்துல முழிச்சா யோகம்னு நம்ம ஊர்லயும் சொல்லுதாவல்லா," என்றார் மாமா. பிறகு குனிந்து என் காதருகே, "ஏளா, இதுகிட்ட என்ன கேட்டாலும் கொண்டாந்து தரும். பதிலுக்கு நம்மகிட்ட இருந்து ஏதாவது தூக்கிட்டுப் போயிரும். பாத்துக் கேளு," என்றார்.

அது அவர் அந்த நிமிஷத்தில் ஜோடித்த கதை. எனக்கு அது தெரியாது.

மாமா தண்ணீர் வாங்கப் போனார். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். ஓடிப் போய்த் தேடினேன். அந்தச் சாவி நரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவது போல அதனிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவியள மட்டும் குடுத்துரு. வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோ. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். எடுத்துக்கோ."

ஜப்பானுக்கு அம்மா கொண்டுவந்தது ஒரு பெட்டி, ஒரு கைப்பை, நான்.

வந்த வழியே ஓடினேன். வாசல்கள் முடியவே இல்லை. ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஏதோ ஒன்றில் நுழைந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நரி. வழியில் ஒரு பெண் குனிந்து ஏதோ கேட்டாள். அவள்தான் என்னைக் கொண்டுபோக வந்தவள் என்று நினைத்துக் கத்தினேன். என் சத்தத்தைக் கேட்டு மாமா ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ரயிலில் அம்மா என் கையைப் பிடிக்க வந்தபோது நான் மாமாவின் மறுபக்கம் போய் ஒண்டிக்கொண்டேன். பிள்ளைக்கு அலுப்பு என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரியில் அப்பா வற்றிப்போய்க் கிடந்தார். "எம்மா, வந்துட்டியா?" என்று சிரிக்கப் பார்த்தார். நான் போர்வையைப் பார்த்தேன். ஒரு பக்கம் பாதம் மேடாகத் தெரிந்தது. மறுபக்கம் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

நரி எதை எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை அல்ல. அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தக் காலை எடுத்துவிட்டார்கள் என்பதும், போனில் சம்மதம் சொன்னதே அம்மாதான் என்பதும் நான் காலேஜ் போன பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் வந்து மாமாவிடம் வெகுநேரம் பேசினார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, புண்ணுலருந்து ரத்தத்துல ஏறுன வெசம் முறிஞ்சிட்டாம். காய்ச்சலும் எறங்கிட்டு. இனிமே பயமில்லங்காரு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஊரிலிருந்து கிளம்பியது முதல் வெறும் காப்பியில் நாளை ஓட்டிய அம்மா, ஒரு கிண்ணம் சோற்றைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். மாமா சொன்ன ஏதோ சப்பை ஜோக்குக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பாவுக்கு ஒரு கால் இல்லை. இவளுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது, எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நாற்காலியை நகர்த்தி, அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.