கண்ணாடி ஒட்டிய சுவர்

அலுவலகத்தில் அவளுக்கு விரிசலக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மக்கள் குடியிருக்கும் கட்டடங்கள் பத்திரமாக நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் நகராட்சி ஆய்வாளர் வேலை. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், வாங்க என்றவர் முகத்தைப் பார்க்கும் முன் அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். ஒட்டடையைத்தான் பார்க்கிறாள் என்று எத்தனையோ பெண்கள் கூனிக் குறுகிப் போயிருக்கிறார்கள். ஒரு சொந்தக்காரர் மட்டும் சளைக்காமல், "கூரைக்கும் சேத்து ஒரு டம்ளர் டீ போடும்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

கூரை என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிரமிப்பு. அப்போது ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். மேலே பெரிய குடும்பம். அவர்கள் கட்டிலை இழுப்பதும், பாத்திரத்தைப் போட்டு உருட்டுவதும், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவதும், பாயில் படுத்திருக்கும் அவள் நெஞ்சுக்கு நேர் மேலே நடக்கும். இவ்வளவு பேரும் ஏன் என் மேல் விழவில்லை? கேட்டபோது வீடே சிரித்தது. வளர்ந்து கட்டடப் படிப்பு படித்தபோது விடை கிடைத்தது. கட்டிலின் பாரம் தளத்தில் இறங்குகிறது, தளம் அதை உத்தரத்திடம் கொடுக்கிறது, உத்தரம் தூணிடம், தூண் அஸ்திவாரத்திடம், கடைசியில் எல்லாம் மண்ணுக்குப் போய்ச் சேருகிறது. ராப்பகல் பாராமல் ஒரு நொடிகூட நிற்காமல் இது நடக்கிறது, அடியில் நாம் பாட்டுக்குக் குறட்டை விட்டுத் தூங்குகிறோம். விடை தெரிந்ததும் வியப்பு வடிந்துவிடும் என்பார்களே, அவள் விஷயத்தில் அது ஊறிக்கொண்டேதான் போனது.

விதிப் புத்தகத்தின் மேலும் அவளுக்கு அப்படியொரு மரியாதை. மாடிப்படி இவ்வளவு அகலம், பால்கனிக் கம்பி இவ்வளவு உயரம், தூணுக்குள் கம்பியின் மேல் இவ்வளவு கனம் சிமெண்டு. வீடு கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவன் எழுதிய தொல்லை. அவளுக்கோ ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு வீடு விழுந்து, யாரோ அழுது, அதன் பிறகு எழுதப்பட்டது. முன்பின் தெரியாத அந்த மனிதர்கள்தான் தெருத் தெருவாக நின்று நம்மைக் காப்பாற்றுகிறார்கள் என்று நம்பினாள். இதை அலுவலகத்தில் ஒரு தடவை சொல்லப்போக, "அக்காவுக்கு லீவு குடுங்கப்பா" என்று கிண்டலடித்துவிட்டார்கள். அதிலிருந்து மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

சுவரில் விரிசலைப் பார்த்தால் அவள் உடனே பயமுறுத்த மாட்டாள். விரிசல் இல்லாத வீடு ஏது? சுண்ணாம்பு காய்ந்தாலும் விரிசல், வெயிலடித்தாலும் விரிசல். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது பழைய காயமா, இன்னும் வளர்கிறதா? அதற்கு அவளிடம் ஒரு வழி. பையிலிருந்து விரல் அகலத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டுப் பசையால் ஒட்டிவிடுவாள். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி, வீட்டுக்காரர்களை நிற்கவைத்து, "இது ஒடஞ்சா தொடாதீங்க, எனக்கு உடனே போன் பண்ணுங்க" என்று ஒரு முழுப் பிரசங்கம் செய்வாள். எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டாலும் விடமாட்டாள்.

ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்த அந்தப் பிரசங்கத்தை ஒரே ஒரு வீட்டில் மட்டும் செய்யவில்லை. அது அவள் தங்கை வீடு.

தங்கையும் அவள் கணவரும் வாடகை வீடுகளில் பட்ட பாடெல்லாம் பட்டு, கடைசியில் நாலு அடுக்குக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் சொந்தமாக வாங்கிய வீடு. ஆணி அடிக்க யாரிடமும் கேட்கவேண்டாம் என்பதிலேயே தங்கைக்குப் பாதி ஆயுசு கூடிவிட்டது. சமையலறையையும் கூடத்தையும் பிரிக்கும் மெல்லிய செங்கல் சுவரில், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். விரிசலக்கா அதைப் பார்த்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கண்ணாடியை ஒட்டினாள். தேதி எழுதவில்லை. என் தங்கைக்குத் தெரியாததா என்று விளக்கமும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அதன்பின் போகும்போதெல்லாம் முதலில் அந்தக் கண்ணாடியைத்தான் பார்ப்பாள். முழுசாக, பளபளவென்று இருக்கும். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு காலையில் அலுவலகம் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி வழக்கம்போல முழுசாக இருந்தது. "பரவால்லடி, அசையவே இல்ல" என்றாள் சிரித்துக்கொண்டே.

அடுப்படியில் நின்ற தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படி அசையும்? உன் மாப்ள அவ்வளவு நல்லா ஒட்டிருக்கார்ல."

"அவர் எங்க ஒட்டினார்? நான்ல ஒட்டினேன்."

"நீ ஒட்டினது அப்பவே ஒடஞ்சிருச்சுக்கா. அப்பறம் ரெண்டு மூணு தடவ ஒடஞ்சுது. பழைய போட்டோ பிரேம் கண்ணாடி கெடந்துச்சு, அதை வெட்டி வெட்டி மாத்திக்கிட்டே இருக்கார். முழுசா இருந்தா உன் மூஞ்சி எப்படி மலர்ந்து போகுது! ஒடஞ்சதைக் காட்டி உன்னை எதுக்கு வருத்தப்பட வெக்கணும்?"

அந்தச் சுவர் இத்தனை மாதமாக உதவி கேட்டுக் கத்தியிருக்கிறது. இவர்கள் பாசத்தோடு அதன் வாயைப் பொத்தி வைத்திருக்கிறார்கள். விரிசலக்காவால் கோபப்படவும் முடியவில்லை, ஏனென்றால் சொல்லவேண்டியதைச் சொல்லாதவள் அவள்.

"வேற என்ன மாறிச்சு? கதவு சரியா மூடுதா?"

"இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஆசாரி வந்து கொஞ்சம் இழைச்சுக் குடுத்தார். மறுபடி இடிச்சுது, மறுபடி இழைச்சார். ஏன்க்கா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உத்தரம் ஒன்று அந்தப் பக்கம் போய் முடிகிறது. அது முடிகிற இடத்தில் ஒரு தூண் இருந்தாகவேண்டும். அங்கே பிரிட்ஜ் நின்றது. சுவரோடு சுவராக, அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாக உள்ளே பொருந்தியிருந்தது.

தங்கை கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். கைவேலையில் கெட்டிக்காரர், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. "எப்படிக்கா பிரிட்ஜ்? முன்னாடி துருத்திக்கிட்டு நின்னு போக வர இடிச்சுது. அந்த மொக்கைத் தூணைக் கொஞ்சம் செதுக்கிவிட்டேன். இப்ப பாருங்க, எவ்வளவு இடம்!"

"தம்பி, அதை இழுங்க" என்றாள்.

இழுத்ததும் தெரிந்தது. தூணில் ஒரு பக்கம் பாதிக்கு மேல் இல்லை. துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன, பாரம் தாளாமல் வளைந்திருந்தன. மிச்சமிருந்த சிமெண்டு நொறுங்கி மாவாகத் தரையில் கொட்டியிருந்தது. அப்படியானால் மேலே இருக்கும் மூன்று மாடியை இப்போது பிடித்துக்கொண்டிருப்பது யார்?

திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி ஒட்டிய சுவர்.

அது பாரம் தாங்கக் கட்டிய சுவரே அல்ல. சமையல் புகை கூடத்துக்குப் போகாமல் இருக்க நிறுத்திவைத்த ஒற்றைச் செங்கல் தடுப்பு. எந்தப் பொறியாளரும் அதைக் கணக்கில் சேர்த்ததில்லை. தூண் கைவிட்டபோது உத்தரம் மெல்ல அதன் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும், இது என் வேலை இல்லை என்று சொல்லாமல், முடிந்த மட்டும் ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறது. அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். லேசான அதிர்வு. மேலே யாரோ நடக்கிறார்கள், அந்த நடை அவள் கைக்குள் கேட்டது. காலமெல்லாம் கட்டடம் பார்த்தவள், இவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நின்றதில்லை. கண் நிறைந்து போயிற்று. அடுத்த கணம் காலடியில் செங்கல் பொடி பொலபொலவென்று உதிர்ந்தது.

அதன்பின் அவள் நிற்கவில்லை. தங்கை கணவரை மேலே விரட்டினாள், ஒவ்வொரு கதவையும் தட்டச் சொன்னாள். "பெட்டி படுக்கை வேண்டாம். ஆளுங்க மட்டும். ஓடாம, மெதுவா, ஒவ்வொருத்தரா எறங்கச் சொல்லுங்க." அலுவலகத்துக்குப் போன் செய்து பொறியாளரையும், உத்தரத்தைத் தாங்கிப் பிடிக்க இரும்பு முட்டுகளோடு சென்டரிங் மேஸ்திரியையும் வரச் சொன்னாள். மேலே இருந்தவர்கள் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். ஒருவர் வாயில் பல் தேய்க்கும் நுரையோடு வந்தார். பிள்ளை பெற்று சில நாளே ஆன பெண் ஒருத்தி, துணியில் சுற்றிய குழந்தையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

தங்கை மட்டும் அடுப்பை விட்டு நகரவில்லை.

"நீ ஆபீசரா வந்தியா, அக்காவா வந்தியா?"

"யாரா வந்தா வெளிய வருவே? அவளா வந்திருக்கேன்."

"வர மாட்டேன். ஒரு தடவ பூட்டி நோட்டீசு ஒட்டினீங்கன்னா அப்பறம் எப்ப தெறப்பீங்க? எத்தன வீட்ட பாத்துட்டேன்! மறுபடி வாடகை வீடு தேடி அலையணுமா நான்? உனக்கு ஊர்ல வேற விரிசலே கெடைக்கலையா?"

ஆரம்பித்தாள். சின்ன வயதில் அக்காவுக்குப் புதுச்செருப்பு, தனக்கு அவள் பழசு என்பதில் தொடங்கி, தன் வீட்டுக்கு வந்தால் அக்கா ஆளைப் பாராமல் கூரையைப் பார்ப்பதுவரை ஒன்றுவிடாமல் கொட்டினாள். கரண்டியை ஆட்டி ஆட்டித் திட்டினாள். அவளுக்கு முழங்கை தூரத்தில் அந்தச் சுவர் நின்றது. பொடி விடாமல் உதிர்ந்தது.

விதியைச் சொல்லலாம். சட்டத்தைச் சொல்லலாம். போலீசைக் கூப்பிடலாம்.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள் விரிசலக்கா.

தங்கை கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். இடியும் மாடிப்படியில் ஏறி நின்று குறிப்பெடுக்கிற அக்கா அவள். இந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து தங்கை கேட்டதே இல்லை. முகத்தைப் பார்த்தாள். வெளிறிக் கிடந்தது. அடுப்பை அணைத்தாள், சிலிண்டரை மூடினாள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

தெரு முழுக்க ஆட்கள். தங்கை கணவர் எதிர்ச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இறங்கி வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தபடி இருந்தார். துணிச் சுருளுக்குள் அந்தக் குழந்தை அழ ஆரம்பித்ததும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பொறியாளர் வந்து பார்த்தார், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். மேஸ்திரியின் ஆட்கள் முட்டுகளைத் தோளில் தூக்கி வந்து, உத்தரத்தின் கீழே ஒவ்வொன்றாக நிறுத்தித் திருகினார்கள். விரிசலக்காவும் அவர்களோடு உள்ளே போய் நின்றாள். திருகத் திருக, மேலிருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்கு மாறியது. "போதும், ஏத்துக்கிச்சு" என்றார் மேஸ்திரி. எல்லோரும் பின்னால் நடந்து வாசலுக்கு வந்தார்கள்.

அவர்கள் தெருவில் கால் வைத்திருப்பார்கள். உள்ளே தடதடவென்று ஒரு சத்தம். ஜன்னல் வழியே செந்தூசி புகையாக வந்தது. கூட்டம் வீலென்று கத்திப் பின்வாங்கியது. கட்டடம் நின்றது. மூன்று மாடியும், கொடியில் காய்ந்த துணிகளும், ஒன்றும் அசையவில்லை.

தூசி அடங்கியபின் விரிசலக்கா வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். முட்டுகள் நேராக நின்றன. சுமை இறங்கியதும் சுவர் மொத்தமாகச் சரிந்து, செங்கல் செங்கலாகப் பிரிந்து கிடந்தது. அவள் யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் அந்தக் குவியலைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திரும்பி வந்தபோது தங்கை கேட்டாள். "எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"அடுப்பு மேல."

"அங்கதானக்கா நின்னேன். அங்க நின்னுக்கிட்டுதான உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"ஆமா" என்றாள் விரிசலக்கா. "நீ திட்டி முடிக்கிற வரைக்கும் அது தாங்குச்சுடி."