அப்பா இருந்து பார்த்த கதவுகள்

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவும் நானும் முதலில் வணக்கம் சொல்கிறோம். அப்பாவைப் பற்றி எழுதும்படி அம்மா கேட்டபோது, வழக்கம்போல நான் ஒரு பட்டியல் போட்டேன். பிறந்த இடம், வேலை, திருமணம், குணங்கள், நோய், நன்றி. அந்த ஒழுங்கிலேயே எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மரணவீட்டில் உங்களில் பலருக்கு என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. சிலர் வாய்விட்டுக் கேட்டீர்கள். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்காமல் விட்டீர்கள். பெப்ரவரியில் ஓமானில் கோட்டை ஏறிய மனிதர் செப்டெம்பரில் இதயம் நின்று போனால், பயணம்தான் காரணமா என்று, அந்த வெயிலுக்குள் அவரைக் கூட்டிச் சென்ற மகளிடம்தான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கும் அப்போது பதில் தெரியாது. இப்போது தெரியும். ஆகவே பட்டியலில் நோய் என்று இருந்ததற்கு இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுக்கிறேன்.

அப்பா ஊர்காவற்றுறையில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். இருபத்து மூன்று வயதில் நோர்வேக்கு வந்து, வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் நின்றார். நின்றார் என்று எழுதுவது சரியான சொல்தான். அந்த வேலையில் உட்கார்ந்து இருப்பதற்கு இடமில்லை. அங்கிருந்துதான் தன் தம்பிமாரைப் படிப்பித்தார், அம்மாவைக் கைப்பிடித்தார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ரொம்மனில் குடியேறி, பள்ளிக்கூடமொன்றில் கட்டடப் பராமரிப்பாளராகக் கடைசிவரை வேலை செய்தார். கதவு, பூட்டு, பிணைச்சல், தண்ணீர்க்குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. கிறீச்சிடும் கதவு எந்த வீட்டில் இருந்தாலும் தேநீர் வருவதற்கு முன் எழும்பிப் போய்ப் பார்ப்பார். அதனால் உங்களில் சிலருடைய வீட்டுக் கதவுகள் இன்றும் சத்தமில்லாமல் திறக்கின்றன. ஞாயிறு திருப்பலியை அவர் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் அவருடைய ஒரே பிள்ளை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமொன்றில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஓமானுக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று அப்பா எழும்பிப் போய், ஏற்கெனவே சரியாக இருந்த குளியலறைக் கதவின் திருகாணிகளை இறுக்கினார். எங்கள் ஆட்களுக்கு அரபு நாடு என்றால் என்ன நினைவு வருமோ அதுதான் அவருக்கும் வந்தது: வீட்டு வேலைக்குப் போய்க் கடவுச்சீட்டைப் பறிகொடுத்த பெண்கள், அழுதபடி வரும் தொலைபேசிகள். நான் பொறியியலாளர், நோர்வேக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன் என்று எத்தனை முறை சொல்லியும் அவருடைய முகம் மாறவில்லை. ஆனாலும் விமான நிலையத்துக்கு அவர்தான் கொண்டுவந்து விட்டார். அதன் பிறகு வாரம் இரண்டு தரம் தொலைபேசி எடுப்பார். எதைப் பற்றிக் கதைத்தாலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்.

"கதவைப் பூட்டினியோ?"

முதல் ஆறு மாதம் எனக்கும் இலகுவாக இருக்கவில்லை. தொலைபேசியில் இரண்டு பட்டியல் வைத்திருந்தேன், 'பிடித்தவை', 'பிடிக்காதவை' என்று. இரண்டாவது வேகமாக நீண்டது. நடப்பதற்கு நடைபாதை இல்லை. வீதியைக் கடந்தால் இருக்கும் கடைக்கும் கார் வேண்டும். வீட்டு இலக்கம் என்று ஒன்று இருந்தும் எவரும் அதைக் கேட்பதில்லை. பச்சைப் பள்ளிவாசலுக்குப் பின்னால், சலவைக் கடைக்கு எதிரே என்று சொன்னால்தான் ஆள் வந்து சேரும். ஒரு முத்திரைக்காக மூன்று அலுவலகம், மூன்றாவது அலுவலகத்தில் 'நாளைக்கு, இறைவன் நாடினால்' என்ற பதில். மதியம் ஒரு மணிக்குக் கடைகள் மூடிவிடும். எங்கு போனாலும் 'எந்த நாடு?' என்று கேட்பார்கள். நோர்வே என்றால், 'இல்லை, உண்மையாக எந்த நாடு?' என்பார்கள். பிடித்தவை பட்டியலில் முதல் மாதம் பேரீச்சம்பழமும் கடலும் மட்டும்தான் இருந்தன. பிறகு மெல்ல மெல்ல மற்றவை வந்தன. ஏலக்காய் போட்ட கோப்பி. கார் மணலில் புதைந்தால் கேட்காமலே நிறுத்தி, கயிறு கட்டி இழுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போகும் மனிதர்கள். மாலையில் மலைகள் நிறம் மாறும் அரைமணி நேரம்.

இரண்டாம் வருட ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் ஆறு வாரத்துக்கு வந்தார்கள். அதுவரை வரமாட்டேன் என்று நின்றவர், ஒக்டோபரில் தானாகவே தொலைபேசி எடுத்து, "ரிக்கெற்றைப் போடு, வாறம்" என்றார். மகள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்து மகிழ்ந்தேன். இருபத்தாறு இடங்களை நேர ஒழுங்கில் அட்டவணை போட்டேன்.

வந்த மூன்றாம் நாள் மஸ்கட்டின் மத்ரா மீன் சந்தைக்குப் போனோம். ஒரு பெரிய அறக்குளா மீனை அம்மா தெரிந்தெடுத்தார். அங்கே மீன் வெட்டிக் கொடுக்கும் மலையாளிகள் வரிசையாக நிற்பார்கள். எங்கள் மீனை எடுத்தவர் வெட்டத் தொடங்கியதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கத்தியைக் கேட்டு வாங்கினார். பக்கத்தில் நின்றவர்களும் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு பக்கச் சதையும் முள்ளில்லாமல் பலகையில் கிடந்தன. அம்மா பையை விரித்தபடி கேட்டார்.

"இஞ்சேருங்கோ, தலை எங்கை?"

அப்பா தன் இடது கையைப் பார்த்தார். பிறகு கழிவுத் தொட்டியைப் பார்த்தார். பாட்ஸ்பியோர்ட்டில் பழகிய கை, முப்பது வருடம் கழித்தும் தன்பாட்டில் தலையைத் தள்ளிவிட்டிருந்தது.

"தலை எங்கடை பக்டரி லைனிலை வாறேல்லை," என்றார்.

வெட்டுகிறவர் சிரித்துச் சிரித்துத் தொட்டிக்குள் கைவிட்டு, தலையை எடுத்துக் கழுவி, அம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். ஊர்காவற்றுறையில் பிறந்து மீன்தலையை எறிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று அம்மா அந்த ஆறு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை வாரம் அங்கே ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதால் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமையே கூட்டமாகத் திருப்பலிக்குப் போவார்கள். அப்பா வெள்ளிக்கிழமை எங்களோடு வந்து முழுமனதோடு செபித்தார். ஞாயிறு மாலை தனியாக வாடகைக் காரில் மறுபடியும் போனார். வெள்ளியே போதும் என்று குருவானவர் சொல்லியிருக்கிறாரே என்றேன். அவருக்குப் போதும், எனக்குப் பழக்கமில்லை என்றார். சலவைக் கடைக்கு எதிரே என்று சாரதிக்குச் சொல்ல அவர் பழகிக்கொண்டதும் அப்போதுதான்.

ஒருநாள் கடற்கரை ஓரத்து விடுதியொன்றில் தேநீர் குடிக்கப் போனோம். வாசலில் நின்ற காவலாளி எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, வேலையாட்கள் பின்பக்கத்தால் வரவேண்டும் என்றார். நான் கடவுச்சீட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"விடு பிள்ளை. பின்னாலை என்ன இருக்கெண்டு பாப்பம்."

பின்னால் சமையலறை முற்றம் இருந்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த சமையற்காரர் ஒருவர் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். தமிழ்க் குரல் கேட்டதும் எழும்பிவிட்டார். அவர் ஊற்றித் தந்த தேநீரை அம்மா இன்றும் புகழ்கிறார். ஏழு வருடமாக அந்த நாட்டில் இருந்தும் அந்த முற்றத்தையும் தங்குமிடத்தையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்றார் அந்தச் சமையற்காரர். அடுத்த விடுமுறை நாளில் அவரும் எங்கள் காரில் மணல்மேடுகளைப் பார்க்க வந்தார். அப்பா அழைத்தால் மறுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் மேட்டின் உச்சிக்கு ஏறினேன். அப்பா அடிவாரத்திலேயே அவரோடு கதைத்துக்கொண்டு இருந்துவிட்டார். மணலில் இரண்டு உள்ளங்கைகளையும் புதைத்து வைத்திருந்தார். சூடு நல்லாயிருக்கு என்றார்.

இனி நிஸ்வாக் கோட்டை. அங்கே கோபுரத்துக்குப் போகும் படிகள் குறுகியவை, வளைந்து வளைந்து ஏறுபவை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கனத்த மரக்கதவு. முதல் கதவிலேயே அப்பா நின்றார். பிணைச்சலைத் தடவினார், ஆணிகளை எண்ணினார், பிறகு படியில் இருந்துவிட்டார். கோட்டை மூட முக்கால் மணி நேரம்தான் இருந்தது. அட்டவணையில் அதற்குப் பிறகு இன்னும் ஓரிடம் இருந்தது. நான் இரண்டு தரம் அவசரப்படுத்தினேன்.

"நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு. நான் இந்தக் கதவைப் பாத்து முடிக்கேல்லை."

அதன் பிறகு எங்கே போனாலும் அப்படித்தான். ஏற்றம் வந்தால் கதவொன்று அவருக்கு முன்னால் வந்துவிடும். கதவுகளைத் திருத்தி வாழ்ந்த மனிதருக்குக் கதவில் ஆசை இருப்பது இயல்புதானே என்று நினைத்தேன். 'அப்பாவுக்குக் கதவுகள் பிடிக்கும்' என்று எழுதிவைத்து, அவர் பிறந்தநாளுக்கு ஓமானியக் கதவுகளின் படங்கள் அடங்கிய பெரிய புத்தகமொன்றை வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து முடித்தார். இருபத்தாறு இடங்களில் பதினொன்றைத்தான் பார்த்தோம்.

கோடையில் ஒப்பந்தம் முடிந்து நான் ஒஸ்லோவுக்குத் திரும்பினேன். செப்டெம்பரில் அப்பா வைத்தியசாலையில் ஒன்பது நாள் இருந்தார். வலி அதிகம் இல்லை. எட்டாம் நாள் மாலை நான் வீட்டுக்குப் புறப்பட்டபோது, காலையில் வரும்போது ரொம்மன் வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று கேட்டார். ஓம் அப்பா என்றேன். மறுநாள் காலை அம்மாவும் நானும் பக்கத்தில் இருக்க அமைதியாகப் போனார்.

அடக்கம் முடிந்த வாரம், பேர்கனிலிருந்து வந்திருந்த மாமி, அப்பாவின் அக்கா, என்னைத் தனியே கூப்பிட்டார். இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பிள்ளை, உன்னைக் குறை சொல்லேல்லை. ஆனா அந்த வெயிலுக்குள்ளை தம்பியை இழுத்துக்கொண்டு திரிஞ்சிருக்க வேண்டாம்," என்றார். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அங்கே வெயில் ஒஸ்லோவின் நல்ல ஜூலை நாளைவிட அதிகமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நிஸ்வாவில் அவரை அவசரப்படுத்தியது எனக்குத்தானே தெரியும். அன்று சமையலறையில் இருந்து நான் செய்த பிழைகளை எழுதினேன். ஒன்பது வந்தன. பத்தாவதை எழுதும்போது அம்மா வந்து, தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, முழுவதும் வாசித்தார்.

"அவருக்குத் தெரியும்," என்றார். "ஒக்டோபரிலையே தெரியும். எனக்கும் தெரியும்."

ஒக்டோபரில் செய்த பரிசோதனையில் அப்பாவின் இதயத் தசை மிகவும் பலவீனமாகிவிட்டது தெரிந்திருக்கிறது. சத்திரசிகிச்சை பயன்படாது, மாத்திரைதான் என்றிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்றுதான் எனக்குத் தொலைபேசி எடுத்து, ரிக்கெற்றைப் போடு என்றிருக்கிறார்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ லிஸ்ட் போட்டிருப்பாய். எந்த ஆஸ்பத்திரி எத்தினை நிமிசம் எண்டு எழுதிக்கொண்டு நிண்டிருப்பாய். பிறகு அவர் எங்கை போய் எதைப் பாக்கிறது?"

அது உண்மை. நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

மறுநாள் குடும்ப வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மா சொன்னதை அவர் உறுதிப்படுத்தினார். திரும்பி வந்தபின் சோதித்ததில் பயணம் நோயைக் கூட்டவில்லை, சொல்லியனுப்பியபடியே அவர் மாத்திரைகளை ஒழுங்காக எடுத்தார், தண்ணீரை அளந்து குடித்தார், ஏற்றத்தில் இளைப்பாறினார் என்றார். அப்பா அவரிடம் கேட்டது ஒரே கேள்விதானாம்: மகளிடம் இப்போது போகவா, கோடைவரை பொறுக்கவா? இப்போது போங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தொலைபேசியை வைத்தேன். பல நாட்களுக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. பிறகு அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, சிரிப்பும் வந்தது. அவர் அந்த முழுப் புத்தகத்தையும் பொறுமையாகப் பார்த்தாரே என்று அம்மாவிடம் சொன்னேன். முதல் பத்துப் பக்கம் உனக்காகத்தான் பார்த்தவர், பிறகு அவருக்கு உண்மையாகவே பிடித்துப்போனது, வைத்தியசாலைக்கும் கேட்டு எடுத்துப்போனார் என்றார் அம்மா. இந்த மலரின் அட்டையில், கதவுக்கு முன்னால் அப்பா படியில் இருக்கும் படம் நிஸ்வாவில் எடுத்தது. அம்மாதான் தெரிந்தெடுத்தார்.

அப்பாவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கறியும் சோறும் வீட்டுக்குக் கொண்டுவந்த ரொம்மன் அயலவர்களுக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த குருவானவருக்கும், பாடியவர்களுக்கும், பாட்ஸ்பியோர்ட்டில் அப்பாவோடு வேலை செய்து தூரம் பாராமல் வந்த மூன்று நண்பர்களுக்கும், பள்ளிக்கூடத்தில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டவர்களுக்கும், மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் அழுத மட்டக்களப்பு அண்ணாவுக்கும் எங்கள் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இது மட்டும் பட்டியலில் அடங்கவில்லை.

மாமிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவர் அழுதார், பிறகு பேர்கனுக்குப் போனார். போன கிழமை தொலைபேசி எடுத்தார். அட்டைப் படத்தை அம்மா அனுப்பியிருந்தாராம். தன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீளமாகச் சொல்லிவிட்டு, அந்தக் கதவு கார் நிறுத்துமிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

"கிட்டத்தான் மாமி," என்றேன். "இடையிலை மூண்டு இடத்திலை ஆறி இருக்கலாம். அப்பா இருந்து பாத்தவர்."