பச்சைக் கையுறைக்கு மார்க் போடாத கமால் சார்

கமால் சார் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவள் மீன்காரி. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வரும் அஞ்சலை அன்றும் எங்கள் வாசலில் கூடையை இறக்கினாள். ஆனால் மேலே மூடியிருந்த தட்டை எடுக்கவில்லை. "சாரு, ஒங்ககூட வேல பாத்த படம் வரையிற சாரு மவுத்தாயிட்டாங்களாம். காலையில தொழுதுட்டு வந்து உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றாள். அஞ்சலை வருடம் தவறாமல் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவள். ஆனாலும் 'செத்துட்டாரு' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டுச் சொல்லிலேயே சொன்னாள். அன்று எங்கள் தெருவில் அவள் மீன் விற்கவும் இல்லை. அவள் மகன் முருகையன் கமால் சாரிடம் படித்தவன்.

நம் பழைய மாணவர் மலருக்காக அவரைப் பற்றிக் கண்ணியமாக ஒரு கட்டுரை தரும்படி குழுவினர் கேட்டிருக்கிறார்கள். கண்ணியம் என்ற சொல்லைத் தனியாக அடிக்கோடிட்டு அனுப்பியிருப்பதிலிருந்தே அவர்களுக்கு என்மேல் உள்ள நம்பிக்கை விளங்கும். நான் எழுதப்போவதோ ஒரு திருடனைப் பற்றியும், அவனால் நாங்கள் திருடர்களான கதையைப் பற்றியும். கமால் சார் இருந்திருந்தால் இதைத்தான் எழுதச் சொல்லியிருப்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் சரித்திர வாத்தியார், அவர் ஓவிய ஆசிரியர். எனக்கு நிரந்தர வேலை, அவருக்கு ஏழு வருடமாகத் தற்காலிக வேலை. அவருடைய அண்ணன் குவைத்தில் இருந்தார். ஒவ்வொரு வருடமும் "விசா எடுத்துட்டேன், பொறப்படு" என்று கடிதம் போடுவார். "இந்த வருஷம் நிரந்தரம் ஆயிடும்ணே" என்று இவர் பதில் போடுவார். ஏழாவது வருடம் அண்ணன் கடிதத்தின் தொனி மாறிவிட்டது. இந்த முறையும் நிரந்தரம் ஆகாவிட்டால் வேலையை உதறிவிட்டு விமானம் ஏறுவதாகக் கமால் சார் தன் உம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை பேருந்து நிலையக் கடையில் ஒரு படக்கதைப் புத்தகம் தொங்கும். எந்த நாட்டிலோ வரைந்ததை எடுத்துத் தமிழில் பேசவிட்டிருந்தார்கள். கதாநாயகன் ஒரு திருடன்; பெயர் பச்சைக் கையுறை. புத்தகம் கறுப்பு வெள்ளை என்பதால் அந்தப் பச்சையை நாங்கள் யாரும் கண்டதில்லை. நம்பிக்கைதான். பணக்காரன் வீட்டு வைரமாலையை எடுப்பான், அதில் பாதியை ஏழை வீட்டு வாசலில் வைப்பான். மீதிப் பாதி எங்கே போனது என்று கதை சொல்லாது. ஒரு இதழில் ஓர் ஏழைக் கடிகாரக்காரனின் சுவர்க்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் படக்கதை கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். பிடிபட்டால் பறிமுதல். பறித்ததையெல்லாம் ஓவிய அறை இரும்பு அலமாரியில் பூட்டிவைத்து வருடக் கடைசியில் திருப்பித்தர வேண்டும் என்பது சட்டத்தின் இரண்டாம் பாதி. இரண்டாம் பாதியை வாத்தியார்கள் நாங்கள் நாலு பேரும் மறந்துபோனோம். புது இதழ் வந்த மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் ஒழுக்கத்தைப் பற்றிய அக்கறை எங்களுக்குத் திடீரென்று பெருகிவிடும். பையைச் சோதிக்கப் போவது கமால் சார். உள்ளே கைவிடும்போதே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். பையன்களும் விவரமானவர்கள். புத்தகத்தைப் பையின் மேலாகவே வைத்திருப்பார்கள். அது கிடைத்துவிட்டால் நாங்கள் அடியில் கிடக்கும் கவண், பீடி எதையும் தேட மாட்டோம். அஞ்சலையின் மகன் முருகையன் மாதாமாதம் முறையாகக் கப்பம் கட்டியவன்.

படித்தோம், அதோடு விட்டிருக்கலாம். வாத்தியார் கைக்கு ஒரு தாள் வந்தால் சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொள்கிறதே, அதுதான் வினை. ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் பச்சைக் கையுறைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, காரணம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டோம். உலகத்தில் தன் குற்றத்துக்குத் தானே சிவப்பு மையில் ஒப்பமிட்ட திருடர்கள் நாங்கள் மட்டும்தான்.

தமிழய்யா கோதண்டபாணி எப்போதும் எண்பது போடுவார். 'இவன் வள்ளல். கொடுப்பவனின் கையைப் பார்க்க வேண்டும், எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாகாது' என்று எழுதுவார். கணக்கு எடுத்த மரி டீச்சர் முப்பத்துநான்கு போடுவார். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. எந்த இதழிலும் அந்த ஒரு மார்க்கை அவர் விட்டுக்கொடுத்ததில்லை. 'பாதி கொடுத்தால் பாதித் திருடன்' என்பது அவர் தீர்ப்பு. அவர் சொல்தா வீட்டுப் பெண். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் மன்னிப்பு கிடைக்காது, காப்பி நன்றாகக் கிடைக்கும். நான் அறுபது போட்டு 'ராஜ்யமில்லாத ராஜா' என்று எழுதுவேன். ராஜாக்களும் இதைத்தானே செய்தார்கள் என்பது என் வாதம். அறுபது என்பது இரண்டு பக்கமும் பகை வராத மார்க். என் வாழ்க்கையே அறுபது மார்க் வாழ்க்கைதான்.

கடிகாரக்காரன் இதழ் வந்தபோது சண்டை முற்றிவிட்டது. பழுதுபார்க்க எடுத்துப் போயிருப்பான், அடுத்த மாதம் கொண்டுவந்து வைப்பான் என்று தமிழய்யா சாதித்தார். அடுத்த மாதமும் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மரி டீச்சர் பேசாமல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஐயாவின் மேஜையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். இருவரும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

இந்தக் கூத்தில் மார்க் போடாதவர் கமால் சார் ஒருவர்தான். எழுத்தை அவர் சரியாகப் படிக்கவே மாட்டார்; படத்தைத்தான் பார்ப்பார். ஒருநாள் நான் வற்புறுத்திக் கேட்டபோது சொன்னார்: "வாயில ஊதிவச்ச குமிழியப் படிக்காதீங்க சார், மொகத்தப் படிங்க. திருடுறப்ப இவன் சிரிக்கிறான். குடுக்குறப்ப ஒரு எடத்துலயாச்சும் சிரிக்கிறானா பாருங்க."

நாங்கள் மூவரும் புத்தகங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு பார்த்தோம். உண்மைதான். வாசலில் மாலையை வைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அவன் முகம் பல் பிடுங்க உட்கார்ந்தவன் முகம் மாதிரி இருந்தது.

"அவனுக்குக் குடுக்குறது வலிக்குது சார். வலிச்சும் குடுத்துடுறான். இதுக்கு எப்புடி மார்க் போடுறது?" என்றார் கமால் சார். மரி டீச்சர் சற்று யோசித்துவிட்டு, வலிக்கு மார்க் கிடையாது என்றார். முப்பத்துநான்கு அப்படியே நின்றது.

கமால் சாரின் நிரந்தரத்தை முடிவு செய்ய அந்த வருடம் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒப்பமிட்டார். வகுப்பைப் பார்த்தார், திருப்தி. மாணவர்களின் ஓவியங்களைக் காட்டச் சொன்னார். அவை இரும்பு அலமாரியில்தான் இருக்கும் என்று நம்பிய தலைமையாசிரியர், கமால் சார் வாயைத் திறப்பதற்குள் தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்துவிட்டார்.

உள்ளே பச்சைக் கையுறை, இதழ் வாரியாக, முதுகு ஒட்டி, அழகாக.

அதிகாரி ஒன்றை எடுத்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "என்ன இது, விடைத்தாளா?" என்றார். எங்கள் எல்லாரையும் ஓவிய அறைக்கு அழைத்தார்கள். இந்த மார்க்குகளை யார் போட்டது என்று கேட்டார்.

"மூணும் நான்தாங்க" என்றார் கமால் சார்.

மூன்று கையெழுத்து இருக்கிறதே என்றார் அதிகாரி. ஓவிய ஆசிரியருக்கு மூன்று கை இருக்கும் என்றார் இவர். அதிகாரி சாக்பீஸை நீட்டினார். கமால் சார் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார். தமிழய்யாவின் தேர்வடம் போன்ற கொழுத்த எழுத்தில் 'வள்ளல்'. மரி டீச்சரின் சாய்ந்த எழுத்தில் 'பாதித் திருடன்'. அப்புறம் என் எழுத்தில் 'ராஜ்யமில்லாத ராஜா'. என் எழுத்தை என்னைவிட நன்றாக எழுதினார். அவ்வளவு நன்றாக நான் கடிதம் எழுதியிருந்தால் என் கல்யாணம் ஒரு வருடம் முன்னதாக நடந்திருக்கும்.

அதிகாரி நம்பியிருப்பார் என்றே நினைத்தேன். மரி டீச்சருக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்றார். "மன்னிக்கணும். அது என் கருத்து. அத அவரு எப்படி எடுத்துக்கலாம்? முப்பத்துநாலு நான் போட்டது. இப்ப கேட்டாலும் அதான் போடுவேன்."

தன்னைக் காப்பாற்ற நடந்த திருட்டையும் அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு பெண்பிள்ளை எழுந்த பிறகு தான் உட்கார்ந்திருப்பது தமிழுக்கு இழுக்கு என்று தமிழய்யாவும் எழுந்து எண்பதை ஒப்புக்கொண்டார். மிச்சம் அறுபது. என் பெயர் அப்போது பதவி உயர்வுப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவிய அறையில் தேசப்படமே கிடையாது என்பது வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"அந்த மூணாவது என்னோடதுதாங்க" என்றார் கமால் சார், சட்டென்று. அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கமால் சார் கரும்பலகையைத் துடைத்தார். கையைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "டீ குடிக்கப் போவமா சார்?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. குவைத் போனால் அங்கே வரைவதற்கு மணல்தான் இருக்கும், வேலை மிச்சம் என்று சிரித்தார்.

டீக்கடைக்குப் போனோம். பாதிக் கிளாஸில் எழுந்து சைக்கிளை எடுத்தேன். ஜீப்பைத் துரத்தி சைக்கிளில் போன சரித்திரம் நான் படித்த எந்தச் சரித்திரத்திலும் இல்லை. பின்னாலேயே கமால் சார் தன் சைக்கிளில் வந்தார். "சார், திரும்புங்க. மாட்டுனது ஒரு ஆளோட போகட்டும்" என்று கத்திக்கொண்டே வந்தார். வழியில் என் வேட்டி செயினில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் ஜீப்பின் ரேடியேட்டர் கொதித்து நின்றிருந்தது. அதிகாரி நிழலில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த அறுபது நான் போட்டது" என்றேன், கிழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

"தெரியும். காலையில வருகைப் பதிவேட்டுல ஒங்க கையெழுத்துக்குக் கீழதான நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார் அவர். இளநீரைக் கீழே வைத்தார். "அந்த மனுஷன் பொய் சொன்னாரு. நீங்க பேசாம இருந்தீங்க. வாத்தியாருதான, சொல்லுங்க, யாருக்கு எவ்வளவு?"

அறுபது என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அன்று அந்த எண் வரவில்லை. "எனக்கு ஃபெயிலுங்க. அவருக்கு மார்க்கெல்லாம் வேணாம், நெரந்தரம் பண்ணிடுங்க" என்று உளறினேன். அதற்குள் கமால் சார் வந்து சேர்ந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே, இவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, எதையாவது உளறுவார் என்று அதிகாரியிடம் அடுத்த பொய்யைச் சொன்னார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு இளநீர் வெட்டச் சொன்னார்.

தண்டனை ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்குள் அத்தனை புத்தகங்களும் உரிய பையன்களிடம் போய்ச் சேர வேண்டும். ஓவிய ஆசிரியரே தன் கையால் கொடுக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையை நேரில் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கமால் சார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். தமிழய்யா என் விலாவில் இடித்தார். கமால் சார் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் விடுவதற்கு முன் விரல்கள் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தன, பிறகு விட்டன. நான் மரி டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் கைக்குட்டையில் ஏதோ குறையைக் கண்டுபிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன்கள் கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு ஒரே ரகளை. முருகையன் தன் எட்டுப் புத்தகங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு மரி டீச்சரிடம் போனான். "ஒரு மார்க்குல ஃபெயிலாக்கிட்டீங்களே டீச்சர், மறுகூட்டல் உண்டா?" என்றான். அந்த ஒரு மார்க்குக்காக அவர்கள் அடுத்த பரீட்சை வரை மனுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நிரந்தர உத்தரவு அடுத்த மாதம் வந்தது. குவைத் அண்ணன் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் கடிதம் போடவில்லை. பிறகு வண்ணப் பெட்டி ஒன்றை அனுப்பினார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது, ஐந்து வருடம் கழித்து. அந்தத் தாமதத்துக்குப் பட்டியல் மட்டும் காரணம் அல்ல என்று என் மனைவி சொல்வாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நாங்கள் மூவரும் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். தமிழய்யாவுக்கு இப்போது காது மந்தம்; மரி டீச்சருக்குக் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கமால் ஒரு நூறு மார்க் மனிதன் என்று ஐயா தொடங்கினார். டீச்சர் விடவில்லை. "என் கையெழுத்த எடுத்தது எடுத்ததுதான் ஐயா. பத்து கொறைப்பேன்" என்றார். மனிதனுக்கு மார்க் போடத் தமிழுக்குத்தான் அதிகாரம் உண்டு, கணக்குக்குக் கிடையாது என்று ஐயா சத்தம் போட, துக்க வீடு என்று நான் ஜாடை காட்ட, உள்ளேயிருந்து கமால் சாரின் மனைவி சிரிப்பது கேட்டது. "பேசட்டும் சார், விடுங்க. இத்தன நாளும் எங்கூட்டுல இந்தச் சத்தந்தான் இருந்துச்சு" என்று சொல்லி டீ அனுப்பினார்.

நான் யாருக்கும் மார்க் போடுவதை விட்டு வெகுநாளாகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கோட்டுச்சேரி வரை போன அந்தச் சைக்கிள் பயணம்தான். அன்று அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு, நீங்களும் எழுந்திருக்கலாமே என்று ஒருநாள்கூடக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். பதில் சொல்வதில் நான் கெட்டிக்காரன். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்கிற இடம் இப்போதும் மாதத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது. பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருக்கிறேன், பொய் சொல்வானேன். எப்போதாவது எழுந்துவிடுகிறேன். அப்படி எழும் நாட்களில், வேட்டியை மடித்துக் கட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.