செண்டையும் டிரம்ஸும்

வேலை முடிந்து சுள்ளிக்கல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோது, பக்கத்துப் பையனின் போனில் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டின் டிரம்ஸ் கேட்டது. அதை வாசித்த ராக் கலைஞர் இறந்துவிட்டாராம், பையன் சொன்னான்.

சின்ன வயதில், மட்டாஞ்சேரியில் எங்கள் ஒற்றையறை வீட்டில் அண்ணன் அவருடைய கேசட்டைப் போட்டு, கவிழ்த்த வாளியில் கூடவே அடிப்பான். கார்ப்பரேஷனில் சாக்கடை வாரிவிட்டு வரும் அப்பா கட்டிலில் சாய்ந்தபடியே சண்டைக்கு வருவார்.

"இதெல்லாம் ஒரு அடியாடா? கோயில்ல செண்டை கேட்டதில்லையா?"

"செண்டைக்கு அம்பது பேர் வேணும்ப்பா. இவர் ஒத்தையாளு."

"அம்பது பேர் கையும் சேர்ந்து விழணும். அதாக்கும் வித்தை."

தினமும் இதே வழக்குதான். ஒரு சாயங்காலம் மட்டும் அப்பா எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கிடந்தார். சேறு காய்ந்த பாதம் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளாமல், அவர் தூங்கும்வரை மெதுவாக அடித்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஆலுவாவில் லாரி ஓட்டும் அண்ணனைப் போனில் கூப்பிட்டுச் சேதியைச் சொன்னேன்.

"கேட்டேன்" என்றான். "அப்பா இருந்தா இன்னிக்கும் செண்டைதான் பெருசுன்னு சொல்லுவார். எதிர்த்துப் பேச எனக்குத்தான் தெம்பில்ல, மோளே."