அறுபதாம் கோட்டில் எங்கள் சம்பா

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நன்னிலம் பக்கத்தில் எனக்கிருக்கும் நிலம் முழுவதும் நானே சம்பாதித்து வாங்கியது. என் விதைநெல்லுக்குப் பெரிய பண்ணைக்காரர்களே வாசலில் வந்து நிற்கிறார்கள். பெருமைதான், இருக்கட்டுமே.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் சோறு சொந்த நெல்லில்தான் ஊட்டுவோம். நார்வேயில் இருக்கும் மகள், பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்து, என் பழைய ரகச் சம்பா நெல்லில் ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள். பேரன் பிறந்தபின், சித்திரையில் கண்ணாடி பால்கனியில் தொட்டி வைத்து விதைத்தாள். ஆடி பிறந்ததும் வீடியோவில் கூப்பிட்டாள்.

“அப்பா, பயிர் இடுப்பளவு நிக்குது. கதிர்தான் இல்ல. அவனுக்குச் சோறூட்ட நாள் வேற குறிச்சாச்சு. எனக்குக் கைராசியே இல்லையாப்பா?”

“எம் பொண்ணுக்கா இல்ல? வெயில் படுதா?”

“ராத்திரி பத்து மணி வரைக்கும் படுதுப்பா.”

“ராத்திரியில வெயிலா! யாருகிட்ட கதை விடுற?”

தன் மகனுக்கு வாங்கிய பூமி உருண்டையை எடுத்துவந்தாள். அதில் குறுக்கே ஓடும் கோடுகளை உருண்டையைச் சேர்த்துப் போட்ட தையல் என்றே நினைத்திருந்தேன்.

“நம்ம ஊர் பதினொண்ணாவது கோட்டுக்கிட்ட. நான் அறுபதுல இருக்கேன். மேல போகப் போகக் கோடையில பகல் நீளும்.” உருண்டையை விளக்குப் பக்கம் சாய்த்துச் சுற்றினாள். எங்கள் கோடு பாதிச் சுற்றில் இருட்டுக்குள் போனது. அவள் கோட்டில் வெளிச்சம் விடவே மாட்டேன் என்றது.

பக்கத்திலிருந்த என் மனைவி, “ரோட்டு லைட்டுக்கு அடியில நிக்கிற பயிரு மாதிரில்ல இருக்கு?” என்றாள்.

அதைச் சொல்லத்தான் நானும் வாயெடுத்தேன். வயல் முழுக்கக் கதிர் வந்தாலும், விளக்கடிச் சம்பா பச்சையாகவே நிற்கும். நீண்ட ராத்திரி கிடைக்காமல் அது கதிர் விடாது.

“ஒங் கைமேல குத்தமில்லம்மா. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டிமேல பெரிய அட்டைப்பெட்டியைக் கவுத்துடு. காலையில ஆறுக்கு எடு. நம்ம ஊரு ராத்திரியை அதுக்குக் குடு.”

சோறூட்டும் நாளைப் பேரனின் எட்டாம் மாதத்துக்குத் தள்ளிவைத்தோம். “முதல்ல நெல்லு, அப்புறம்தான் இவன்னு தினம் ரெண்டு பேரைத் தூங்க வெக்கிறேம்ப்பா” என்று சிரித்தாள்.

புரட்டாசியில் கதிர் வந்தது. ஐப்பசியில், கையாலேயே உமி நீக்கிய பிடி அரிசியைக் குழைய வடித்து, நெய் விட்டு ஊட்டினாள். நாங்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் வாயைத் துப்பினான். அடுத்ததற்கு ஆவென்று திறந்தான். ருசி தெரிந்த பிள்ளை. என் பேரனல்லவா!