மாடி வீட்டு அம்மாவின் மௌனம்

எங்கள் மாடி அறையில் ஒரு ஜெர்மன் அம்மா வாடகைக்கு இருக்கிறார். ஓய்வு பெற்ற இன்ஜினீயர். ஒரு இடிமழையில் என் கம்ப்யூட்டர் புகைந்துபோனதும், தன்னிடம் சும்மா கிடந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். விண்டோஸ் இல்லை, லினக்ஸ், ரொம்ப எளிது என்று ஆங்கிலத்தில் தைரியம் சொன்னார். மறுநாளே நாற்பது நாள் மௌன விரதத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடங்களுக்கு வினாத்தாள் டைப் அடித்துக் கொடுப்பவள். இருபது வருடமும் விண்டோஸ்தான். புதியதில் ஒன்றும் வைத்த இடத்தில் இல்லை. மூடுகிற பெருக்கல் குறி இடது மூலைக்குப் போயிருந்தது. சி டிரைவைக் காணவே காணோம். வந்ததெல்லாம் ஆங்கிலப் பேப்பராக இருந்ததால், பத்து நாள் தட்டுத்தடுமாறி ஓட்டினேன்.

பதினோராம் நாள் காலை ஒரு தலைமையாசிரியை போன் செய்தார். "ஆறாவது தமிழ் பேப்பர் சாயங்காலத்துக்குள்ள வேணும்ங்க மேடம்."

உட்கார்ந்து அடித்தேன். என் விரல்களுக்குத் தெரிந்தது பழைய டைப்ரைட்டர் முறை. இதில் இருந்ததோ வேறு. 'பொருள் எழுதுக' என்று அடித்தால், யாரோ கொட்டாவி விட்டுக்கொண்டே பேசியதுபோல எழுத்துகள் விழுந்தன.

நோட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். கேள்வியை எழுதிக் காட்டினேன், அவர் பதில் எழுதினார். கீழே வந்து செய்து பார்த்தால் பாதியில் நின்றது. மறுபடி ஏறினேன். ஐந்தாம் தடவை அவரே பேனாவை வைத்துவிட்டு என்னோடு இறங்கி வந்தார்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பட்டியலில் இருந்த கீபோர்டு முறைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். நான் 'அம்மா' என்று அடித்துப் பார்த்துத் தலையாட்டுவேன். அவர் அடுத்ததற்குப் போவார். மதியச் சாப்பாட்டுக்கு வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, நீயும் மௌனமா?"

அப்போதுதான் கவனித்தேன், ஒரு மணி நேரமாக நானும் வாய் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்ததை அடித்தேன். திரையில் 'அம்மா' அப்படியே வந்து நின்றது.

"வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"சூப்பர்!" என்று அவரும் கத்தினார்.

உடனே இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பத்து நாள் விரதம் என்னால் கெட்டுப்போயிற்றே!

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். நோட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினார்.

'விரதத்துக்கு நாளை மறுபடி முதல் நாள். இன்று முழுக்கப் பேசலாம். ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா?'

எழுதி முடித்த பிறகுதான், பேசியே கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே, பத்து நாள் பேசாததையெல்லாம் என் கணவரிடம் பேசித் தீர்த்தார். நான் நாலு மணிக்குள் வினாத்தாளை அனுப்பிவிட்டேன்.