அண்ணன் காலுக்கு ஊற்றிய அச்சு

கொளஞ்சியப்பர் சாமியை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

தொண்ணூற்று இரண்டாம் வருடம், சித்திரை மாதம். வெளியூர் மருத்துவக் கல்லூரியில் எலும்பு முறிவு சிகிச்சைக்கான மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்து விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியவனை, தெரிந்த ஆட்டோக்காரர் நேராக அண்ணன் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிக்கு ஏற்றிப் போனார். அண்ணனுக்குக் காலில் அடியாம்.

அண்ணன் ராஜேந்திரன் கொட்டகையில் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே காலைக் காணோம். ஒரு வெள்ளைப் பாளம் இருந்தது. அதன் முனையில் ஐந்து விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“களிமண் வண்டி கால்ல சாஞ்சிடுச்சு தம்பி. எலும்பு ஒடைஞ்சிருக்குது. நீங்க வர நேரமாவுமேன்னு நாங்களே மாவுக்கட்டு போட்டுட்டோம்” என்றார் செல்வராசு. அண்ணனோடு அச்சு ஊற்றும் வேலை செய்பவர். “ஆஸ்பத்திரில போடறதும் இதே மாவுதானங்க?”

மாவு அதேதான். கோப்பைக்கும் பொம்மைக்கும் அச்சு எடுக்க அவர்கள் கரைக்கும் வெள்ளை மாவைத்தான் நாங்களும் துணியில் தோய்த்துக் கட்டுகிறோம். ஆனால் பஞ்சு சுற்றி, மெல்லிசாகப் போடுவோம். புதுசாக முறிந்த கால் வீங்கும் என்று இடம் விடுவோம். இவர்கள் பலகைப் பெட்டிக்குள் காலை வைத்து மாவை ஊற்றி, மேலே மாவில் நனைத்த கோணியையும் சுற்றியிருந்தார்கள். செங்கல் கனம். உள்ளே வீங்குகிற கால் எங்கே போகும்?

விரல்களைத் தொட்டேன். சில்லென்று இருந்தன. நகத்தை அழுத்தினேன். வெளுத்த நகம் திரும்பச் சிவக்கவே இல்லை.

“வெரல ஆட்டுண்ணே.”

“ஆட்டிக்கிட்டுதான் இருக்கேன்” என்றார்.

விரல் அசையவில்லை.

ரத்தம் ஓடாத கால் சில மணி நேரம்தான் தாங்கும். அப்படி வந்த கால்களை வெட்டி எடுத்தபோது பக்கத்தில் நின்று கருவி நீட்டியவன் நான். இது என் அண்ணன் கால். அந்தக் காலில் நாளெல்லாம் நின்றுதான் என்னைப் படிக்க வைத்தார்.

“எவன் போடச் சொன்னது?” என்று எல்லோர் மீதும் பாய்ந்தேன். சுத்தியலால் உடைத்தால் முறிந்த எலும்பு நகர்ந்து ரத்தக்குழாயைக் கிழிக்கும். ரம்பம் போட்டால் தோல் எந்த ஆழத்தில் இருக்கிறதென்று தெரியாது. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் கால் போய்விடும். படித்த எதுவும் கைகொடுக்கவில்லை.

கண்ணை மூடினேன். குறையைத் தாளில் எழுதி கொளஞ்சியப்பர் சன்னதியில் பிராது கட்டுவது நம் வழக்கம் அல்லவா? “கொளஞ்சியப்பா, எழுத நேரமில்ல. இதையே பிராதா எடுத்துக்கோ. எங்கண்ணன் கால குடுத்துடு” என்று மனதுக்குள் கதறினேன்.

நான் வாயை மூடியதும் கொட்டகை அமைதியானது. என் சத்தத்துக்குப் பயந்து சுவரோரம் நின்ற செல்வராசு அப்போதுதான் வாய் திறந்தார்.

“தம்பி... அது ரெண்டு பாகமுங்க.”

“என்ன சொல்றீங்க?”

“அச்சு எடுக்கறாப்பலதான் ஊத்துனோம். கீழ்ப்பாதி எறுகுனதும் சோப்புத் தண்ணி தடவி, அப்பறம் மேல்பாதி. கால்லயும் சோப்பு தடவியிருக்குது. கோணிய அறுத்தா தனியா வந்துடும்.”

சோப்பு தடவிய மாவு ஒட்டாது என்பது அவர்கள் தொழிலில் தினப்படி வழக்கம். காலுக்கு ஊற்றும்போதும் கை தன் பாட்டுக்கு அதைச் செய்திருக்கிறது. கோணியை அறுத்தோம். செல்வராசு இணைப்பில் உளியை வைத்து மெல்ல நெம்பினார். மேல்பாதி மூடி திறப்பதுபோல் கையோடு வந்துவிட்டது.

மாவு இறுகிய சூட்டில் தோல் கொப்பளித்திருந்தது. நான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் நகம் முதலில் சிவந்தது. பாதத்தின்மேல் விரல் வைத்தேன். நாடி துடித்தது. எல்லோர் முன்னாலும் தேம்பி அழுதேன். கீழ்ப்பாதி அச்சிலேயே காலைத் தாங்கலாக வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

கால் தேறியதும் அண்ணன் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்தே வந்தார். குறை தீர்ந்துவிட்டது, முறைப்படி பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். “எழுதாத பிராத எப்படிப்பா வாபஸ் வாங்கறது?” என்று கூட வந்த அண்ணி சிரித்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். கட்டினோம். உடனே வாபஸும் வாங்கினோம்.

அன்றிலிருந்து எத்தனையோ கட்டுகள் போட்டுவிட்டேன். யார் என்ன கட்டோடு வந்தாலும் முதலில் திட்டுவதில்லை. விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டியது யார், எப்படிக் கட்டினார்கள் என்று கேட்கிறேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரலாம். தாளும் பேனாவும் தேட வேண்டாம். வாயை மூடி, மனதுக்குள் சொல்லுங்கள். பதில் பக்கத்திலேயே, சுவரோரம் நின்றுகொண்டிருக்கும்.